மூன்று மணி நேரக் குரல்

ஒரு நாளைக்குப் பதினேழு அழைப்புகள். தெய்வசிகாமணி எண்ணிச் சொன்னால் அதில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது. முப்பத்து நான்கு வருஷம் திருச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, 'தஞ்சாவூர் வண்டி, எடு எடு, ரெண்டு நிமிஷம் லேட்டு' என்று மைக்கில் அதட்டியே காலம் தள்ளியவர். பஸ்ஸை விட்டாலும் விடுவாரே தவிர நிமிஷத்தை விடமாட்டார். அப்பேர்ப்பட்டவரின் ஓய்வுக் காலத்தைத்தான், கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா, ஊருக்கு வெளியே மனை வேண்டுமா என்று முன்பின் தெரியாத குரல்கள் தினமும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன.

எரிச்சல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். உள்விஷயம் வேறு. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போடும். கோயம்புத்தூரிலிருந்து வான்மதியோ? வான்மதி அவருடைய ஒரே மகள். பத்து வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்குத் தலை பின்னி, டிபன் டப்பா கட்டி, காய்ச்சலுக்குக் கண்விழித்து அவர்தான் வளர்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரான்சிஸ் என்ற எலக்ட்ரீஷியனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு, "ஒரே ஒரு தடவை வந்து பாருங்கப்பா" என்று போனில் அழுதாள். "எனக்கு மகளே கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவள் எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி முடக்கி வைத்தவர் இவரேதான்.

முடக்கிய எண்ணிலிருந்து போன் எப்படி வரும்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, யார் தட்டுகிறார்கள் என்று காது கொடுத்து உட்கார்ந்திருக்கிற வேலை இது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் மணி அடித்தால் குளியலறையிலிருந்து ஈரக்காலோடு ஓடி வருவார். "சார் வணக்கம், பர்சனல் லோன் விஷயமா..." என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். அந்தக் குரலை அவர் வெறுத்ததற்கு, அது வேறொரு குரலாக இல்லாததுதான் காரணம்.

அதனால்தான் பேச்சாள் வாங்கினார்.

பேச்சாள் என்பது அஞ்சறைப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அவர் குடியிருந்த அடுக்ககத்தில் அதை முதலில் வாங்கியவர் சங்கச் செயலாளர் சாம்பசிவம். பொருத்திக் கொடுக்கவும் அவரே வந்தார். எதையாவது விளக்கிச் சொல்லக் கிடைத்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"போனை எடுக்காம விட்டா இவனுங்க மறுபடி மறுபடி அடிப்பானுங்க சார். எடுத்துத் திட்டினாலும் அடிப்பானுங்க. ஒரே வழி, பேச விடுறது. அவனுங்க நேரத்தை நாம தின்னுடணும். நீங்க மூணு மணி நேரம் இதுகிட்டப் பேசினா போதும், உங்க குரலை அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் விக்கிறவன் போன் வந்தா இதுவே எடுத்து உங்களை மாதிரியே பேசும். வாங்குற மாதிரியே இழுக்கும். ஆனா வாங்காது."

"அவங்களுக்குத் தெரியாதா, பெட்டின்னு?"

"எங்க தெரியுது? என் பெட்டி போன மாசம் ஒரு பொண்ணை ஒண்ணரை மணி நேரம் இழுத்துச்சு. அதுங்களுக்கு தினம் இத்தனை விக்கணும்னு டார்கெட் இருக்கு. அது போச்சுன்னா வேலை போச்சு. நாலு தடவை சூடு பட்டா நம்ம நம்பர் பக்கமே வராதுங்க."

பெட்டி முதலில் சில கேள்விகள் கேட்டது. பெயர், வயது, பழக்கமானவர்களின் எண்கள். கடைசியாக, 'குடும்பத்தினர் பெயர்கள்' என்று திரையில் வந்தது. தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'யாரும் இல்லை.' சாம்பசிவம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், சில சமயம்.

இரண்டரை மணி நேரம் கூட வந்த புத்தகத்தை வாசிக்க வேண்டியிருந்தது. கடைசி அரை மணி நேரம் சொந்தப் பேச்சு. "வம்பு வளக்குற மாதிரி பேசுங்க சார். நீங்க எப்படிப் பேசுறீங்களோ அப்படித்தான் அது இழுக்கும்" என்றார் சாம்பசிவம். தெய்வசிகாமணிக்கும் குஷி பிறந்துவிட்டது. குரலில் வெல்லப்பாகை ஊற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சொல்லும்மா, எந்த ஊரு? சாப்ட்டியா? என்ன கொழம்பு? அட, நல்லா சாப்பிடணும்மா, ஒடம்பு முக்கியம். அப்புறம்? ம்... அப்புறம்? அடுத்த வாரம் கட்டாயம் வாங்கிக்கிறேம்மா, நீ கவலையே படாதே."

சாம்பசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெய்வசிகாமணியும் சிரித்தார். சாப்ட்டியா என்ற வார்த்தையை அவர் ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாய்க்குள் அது எப்படி இருந்தது என்று நினைக்க அன்றைக்கு நேரமில்லை.

அதோடு வீட்டில் போன் மணி அடிப்பது நின்றுபோனது. முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரம் ஒரு மாதிரியாக இருந்தது. ஈரக்காலோடு ஓட வேண்டியதில்லை. ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிக்கு அடுக்ககத்தின் பொது அறையில் சபை கூடும். அதற்குள் பதினெட்டு வீடுகளில் பேச்சாள் வந்திருந்தது. வாழைக்காய் பஜ்ஜி, காபி, நடுவில் ஒரு ஒலிபெருக்கி. வாரத்தில் மிக நீளமாக இழுத்த பேச்சை எல்லோரும் கேட்டுச் சிரிப்பார்கள். அவரவர் பெட்டியிலிருந்து சாம்பசிவமே பொறுக்கி எடுப்பார். அந்த அனுமதியைப் பெட்டி மாட்டும்போதே வாங்கி வைத்திருந்தார். வீட்டில் யாரும் பேசக் கேட்காதவர்கள் கூட அங்கே வந்து கலகலப்பாகிவிட்டுப் போவார்கள். அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு ஞாயிறு. சாம்பசிவம் கையைத் தூக்கி எல்லோரையும் அமைதிப்படுத்தினார்.

"இந்த மாசம் நம்ம டைம் கீப்பர் சார் எல்லாரையும் தூக்கிச் சாப்ட்டுட்டாரு. ஒரே பொண்ணு, முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கு! அஞ்சு மாசமா, பகல் ஒண்ணே காலுக்கு டாண்ணு அடிக்குது. மொத்தம் பத்தொம்பது மணி நாப்பது நிமிஷம். எனக்கே இப்பத்தான் தெரியும், கேளுங்க."

கைதட்டினார்கள். தெய்வசிகாமணி எழுந்து ஒரு கும்பிடு வேறு போட்டார். ஒலிபெருக்கி கரகரத்தது.

"வணக்கம் சார், நான் ஷீலா பேசுறேன். உங்க குடும்பத்துக்கு ஒரு நல்ல காப்பீட்டுத் திட்டம்..."

"சொல்லும்மா. சாப்ட்டியா?" என்றது அவருடைய குரல்.

ஒலிபெருக்கியில் சத்தமில்லை. ஏழு விநாடி இருக்கும்.

"...சாப்ட்டேன் சார்."

கூட்டம் சிரித்தது. "என்ன கொழம்பு?" என்றது பெட்டி.

"கொழம்பு இல்ல சார். ரசஞ்சோறு. அப்பளத்தை நொறுக்கிப் போட்டு." அந்தக் குரல் உடைந்தது. "எங்கப்பா அப்படித்தான் பெசஞ்சு குடுப்பாரு."

"அட, நல்லா சாப்பிடணும்மா, ஒடம்பு முக்கியம். அப்புறம்?"

"அப்பா... நான்தாம்பா."

"ம்... அப்புறம்?"

அறை குலுங்கியது. "அப்பாவாம்ல! விக்கிறதுக்கு என்னென்ன வித்தை பண்ணுதுங்க பாருங்க!" என்றார் யாரோ. மூன்றாம் மாடி செண்பகவல்லி மட்டும், "அய்யோ பாவம், அது நெசமாவே அழுவுதுங்க" என்றாள். "இருங்க, நடுவுல ஒரு நாள் பாட்டே பாடுது" என்று சாம்பசிவம் அடுத்ததைத் தேடினார்.

தெய்வசிகாமணிக்குக் கையில் இருந்த பஜ்ஜி கனத்தது. 'வணக்கம் சார்' என்ற போதே தெரிந்துவிட்டது. வேலைக்காக ஷீலா என்று பெயர் மாற்றிக்கொண்டால் பெற்றவனுக்குத் தெரியாதா? முன்பு இதே அடுக்ககத்தில்தான் அவளும் இருந்தாள். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டவர்கள். இன்னும் ஒரு நிமிஷம் ஓடினால் யாராவது ஒருவர் தலையைத் தூக்கி, 'இது நம்ம வான்மதி மாதிரி இல்ல?' என்று கேட்பார். அந்தக் கேள்வியை நினைத்தவுடன் அவருக்கு வேர்த்தது. மகள் அழுகிறாள் என்பது அதற்கு அடுத்தபடியாகத்தான் உறைத்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவரே தன்னிடம் இதை ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார்.

போனை எடுத்தார். பெட்டியில் அந்த எண்ணின் பதிவுகளைத் திறந்தார். 'முப்பத்தொரு பதிவுகள். அழித்தால் திரும்பக் கிடைக்காது. அழிக்கவா?' என்று கேட்டது. அழுத்தினார். அடுத்த பதிவை ஆரம்பித்திருந்த ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது.

"என்ன சார் ஆச்சு?"

"போதும் சாம்பசிவம். வயித்துப்பொழப்புக்குப் பேசுற புள்ள. சிரிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்."

பெரிய மனசு என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். அது இன்னும் எரிந்தது.

திங்கட்கிழமை முழுக்க அந்தப் பெட்டிப் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போனார். பதிவை அழித்தாலும், ஒவ்வோர் அழைப்புக்கும் பெட்டி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அது அழியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

'அழைப்பு 1. அழைத்தவர் தன்னை மகள் என்று கூறிக்கொண்டார். குடும்பப் பட்டியலில் மகள் இல்லை. விற்பனை உத்தியாகக் கருதி உரையாடல் நீட்டிக்கப்பட்டது. 34 நிமிடம்.'

'அழைப்பு 9. அழைத்தவர் தன் குழந்தை பள்ளியில் சேர்ந்ததைக் கூறினார். மகிழ்ச்சி தெரிவிக்கப்பட்டது. 41 நிமிடம்.'

'அழைப்பு 17. அழைத்தவர் தாலாட்டு ஒன்று பாடினார். மீண்டும் பாடச் சொல்லி நீட்டிக்கப்பட்டது. 40 நிமிடம்.'

'அழைப்பு 28. தொண்டை வலி என்றார். வெந்நீர் குடிக்கச் சொல்லப்பட்டது. குரல் தெளிவு குறைந்துள்ளது. 38 நிமிடம்.'

'அழைப்பு 31. பதினான்காம் தேதி அறுவைச் சிகிச்சை என்றார். வரும்படி கேட்டார். அடுத்த வாரம் கட்டாயம் வருவதாகக் கூறப்பட்டது. 6 நிமிடம்.'

இன்றைக்குத் தேதி இருபத்தாறு. தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒரு வண்டியையும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் தாமதிக்க விடாத மனுஷர். பன்னிரண்டு நாள்.

முடக்கிய எண்ணைத் திறந்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மணி போனது. எடுத்தது ஆண் குரல்.

"யாருங்க?"

"நான்... திருச்சி... வான்மதியோட..."

"மாமாங்களா? வாங்க மாமா" என்றான் பிரான்சிஸ். போனில் யாராவது வாங்க என்று சொல்வார்களா? அவன் சொன்னான். "அவ நல்லாத்தான் இருக்கா. உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்க வாங்க."

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. ஏறும்போது நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற ஆளை முறைத்தது. நெற்றி அப்படியே வான்மதி. "நீங்கதான் திருச்சி தாத்தாவா? நான் மகிழ்நிலா" என்றது. "எங்கம்மா பேசமாட்டாங்க. எழுதுவாங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

உள்ளே வான்மதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. மடியில் குழந்தையின் சிலேட்டு. அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் கழுத்துக்கட்டின் வழியே உஸ்ஸென்று வந்தது. அந்தச் சத்தத்தை அவளும் கேட்டாள் போல, வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். தெய்வசிகாமணி அவள் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலே தெரிந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆறு வருஷத்து அழுகை, அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை.

பிரான்சிஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவன் பேச்சில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை.

"தொண்டையில கட்டிங்க மாமா. குரல்வளையை எடுத்தாத்தான் ஆளு பொழைக்கும்னுட்டாங்க. எல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சுபோச்சு."

"வேலை..."

"ஆப்பரேஷனுக்கு நாலு நாள் முன்னாடியே போயிருச்சுங்க. எல்லாரு வூட்டுலயும் அந்தப் பேச்சாள் பொட்டி வந்துருச்சில்லீங்க, பாதிப் பேரை நிறுத்திட்டாங்க. இவ உங்களைக் கூப்பிட்டது கம்பெனி நேரத்துல இல்லீங்க. அங்க யாராச்சும் அடுத்த வாரம்னு சொன்னா, அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிடுற பட்டியல்ல போட்டு வெப்பாங்க. உங்க நம்பரையும் அப்படிப் போட்டுப் போட்டு, சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவா. டப்பா அப்படியே திரும்ப வரும்."

அப்பளத்தை நொறுக்கிப் போட்ட ரசஞ்சோறு. சாப்ட்டேன் சார் என்று அவள் சொன்ன முப்பத்தொரு நாளும் அவள் சாப்பிடவில்லை.

பிரான்சிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கருவியை எடுத்துக் காட்டினான். கைக்கு அடக்கமாக, உருண்டையாக இருந்தது. "இதைக் கழுத்துல வெச்சா தொண்டை அசையுறதை வெச்சுப் பேசுமாம். இப்பப் போட்டா ஏதோ பொம்பள குரல்ல பேசுதுங்க. பாப்பா பயந்து ஓடிருச்சு, அம்மா இல்லீன்னு சொல்லுது. ஆனா இவளோட பழைய குரலு, நல்லா இருந்தப்போ பேசுனது, மூணு மணி நேரம் கெடச்சாப் போதுமாம். இவ குரல்லயே பேச வெச்சுத் தர்றேங்கிறாங்க. எங்க போறதுங்க? கல்யாணத்துக்கு வீடியோவும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. கம்பெனி, வித்த பேச்சை மட்டுந்தான் வெச்சிருக்கும், அதையும் வெளிய தர மாட்டேன்னுட்டாங்க. போன்ல தேடிப் பார்த்தேன், எட்டு நிமிஷம் தேறுச்சு."

மூணு மணி நேரம். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெய்வசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது.

வான்மதி சிலேட்டில் எழுதித் திருப்பிக் காட்டினாள். கையெழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே உருண்டையாக இருந்தது.

'உங்க பெட்டியில இருக்குல்லப்பா?'

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டின்னு... உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் புறங்கையால் அழித்துவிட்டு எழுதினாள். 'ரெண்டாவது தடவையே. எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்.'

"அப்புறம் ஏம்மா இத்தனை தடவை?"

கொஞ்சம் யோசித்து, நிதானமாக எழுதினாள். 'குரல் உங்களோடதுதானே. நீங்க சாப்ட்டியான்னு சொல்லாம அது எப்படிச் சொல்லும்?'

அதை எழுதிவிட்டு அவரைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்தது. அப்பா யாரையோ நினைத்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருப்பார் என்று அஞ்சு மாதமாக நம்பி, கூப்பிட்ட நாளெல்லாம் அதை வைத்தே ஒரு வேளை பசியாறியிருக்கிறாள். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எந்த லட்சணத்தில் வந்தது என்று சொல்ல முடியுமா? சாம்பசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைச் சொல்ல முடியுமா?

'பாட்டுகூடப் பாடியிருக்கேன். பாப்பாவுக்குப் பாடுறது' என்று எழுதினாள். பிறகு, கடைசியாக: 'எடுத்துட்டு வந்து தர்றீங்களாப்பா?'

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். நாலு பேர் முன்னால் மானம் போகும் என்று நானே அழித்துவிட்டேன் அம்மா, உன் குரலை என் விரலால் அழித்தேன். அவ்வளவுதான், ஒரு வரி. வாசலில் மகிழ்நிலா நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அடுத்த வாரம்" என்றார் தெய்வசிகாமணி. "அடுத்த வாரம் கட்டாயம் எடுத்துட்டு வர்றேம்மா. நீ கவலையே படாதே."

பிரான்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதொண்ணு போதுங்க மாமா" என்று காபி போட உள்ளே ஓடினான்.

வான்மதி அசையவில்லை. சுண்ணாம்புக்குச்சி சிலேட்டின் மேல் நின்றது. அந்த வாக்கியத்தை அவள் ஒரு நாளைக்கு நூறு வாயிலிருந்து கேட்டவள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் முகத்தையும், அவர் பார்க்காமல் தவிர்க்கிற அந்தக் கருவியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்த உள்ளங்கையாலேயே சிலேட்டை மெதுவாக, ஓரம் வரைக்கும் துடைத்தாள். துடைத்த ஈரம் காயும்வரை காத்திருந்து, எழுதி, அவர் பக்கம் திருப்பினாள்.

'சரிப்பா. சாப்ட்டீங்களா?'

மகிழ்நிலா ஓடிவந்து அவர் முழங்காலைப் பிடித்து ஏறி, சிலேட்டை எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, அம்மா என்ன சொல்றாங்க? படிச்சுக் காட்டுங்க."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். திருச்சியில் பூட்டிய வீட்டில், அந்தக் கறுப்புப் பெட்டி இந்நேரம் யாரிடமாவது அதே வார்த்தையைத் தேன் ஒழுகக் கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே அவருக்குக் குரல் வரவில்லை. குழந்தை அவர் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.